‘கோசை நிப்பாட்டப் போகினமாம்’: பல்கலைக்கழகக் கற்கைநெறிகள் எப்படி வருகின்றன, மாறுகின்றன, நிற்கின்றன?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் பிள்ளைகள் புரட்டத் தொடங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்து ரியூட்டரி வாசல்களில் இரண்டு கதைகள் தவறாமல் உலவும். ஒன்று, “கம்பசில புதுசா ஒரு கோஸ் வருதாம்.” மற்றது, “இருக்கிற கோசை நிப்பாட்டப் போகினமாம்.” இரண்டுக்கும் ஆதாரம் ‘உள்ளுக்கு இருக்கிற’ யாரோ ஒருவர். அவர் சொன்னது முழுப் பொய்யாக இருப்பது குறைவு. எங்கோ ஒரு கூட்டத்தில் அது பற்றி ஒரு பத்திரம் மேசைக்கு வந்திருக்கும். எந்தக் கூட்டத்தில், யார் முன்னால் வந்தது என்பதைத்தான் கதை கொண்டுவருவதில்லை. அதைத் தெரியாமல் அந்தச் செய்தியை வைத்து ஒரு முடிவும் எடுக்க இயலாது.

ஏனென்றால் ஒரு கற்கைநெறியின் தலைவிதி ஒரே மேசையில் எழுதப்படுவதில்லை. என்ன கற்பிப்பது என்பதை ஓரிடம் தீர்மானிக்கிறது. எத்தனை பேரை எடுப்பது என்பதை இன்னோரிடம். கற்பிக்க ஆள் வைக்கலாமா என்பதை மூன்றாவது இடம். படித்து வாங்கிய பட்டத்தை வைத்துத் தொழில் செய்யலாமா என்பதை நான்காவது இடம்.

## முதலில் சில சொற்கள்

1. கற்கைநெறி: ஒரு பட்டத்தில் முடியும் முழுப் படிப்பு. கலைமாணி, விஞ்ஞானமாணி, சட்டமாணி என்பன போல. கைநூலில் மாணவர் விண்ணப்பிப்பது இதற்குத்தான்.

2. பாட அலகு: ஒரு செமஸ்ரரில் கற்பித்து, பரீட்சை வைத்து, தரம் வழங்கும் தனித் துண்டு. மாணவர் பேச்சில் இதுவும் ‘கோஸ்’, கற்கைநெறியும் ‘கோஸ்’. வதந்திகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஓர் அலகு இவ்வருடம் இல்லை என்பது, வெளியே வரும்போது பட்டமே இல்லை என்றாகிவிடுகிறது.

3. கிறெடிற்: படிப்பின் அளவை எண்ணும் கணக்கு. பட்டங்களின் மட்டங்களையும் அளவுகளையும் வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி 1 கிறெடிற் என்பது மாணவர் செலவிடும் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை, செய்முறை, வீட்டுப் படிப்பு, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். தொழிற்சாலைப் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் 1 கிறெடிற்றுக்குக் குறைந்தது 100 மணிநேரம்.

4. கலைத்திட்டம்: கற்கைநெறியின் முழு வரைபடம். எந்த ஆண்டில் எந்த அலகு, எது கட்டாயம், எது விருப்பத்தெரிவு, எதை முடித்தால் எதற்குள் போகலாம் என்பவை இதில் இருக்கும்.

5. ஒழுங்குவிதி: பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகளை எழுதிய சட்டத்தன்மையுள்ள ஆவணம். வகுப்புச் சித்தி (முதலாம், இரண்டாம் வகுப்பு) வழங்கும் முறை, மீளத் தோற்றுதல், பட்டத்தை முடிக்க அனுமதிக்கப்படும் உச்சக் காலம் ஆகியன இதில்தான் உள்ளன. முதலாம் வருடத்தில் கையில் தரப்படும் இந்தக் கையேட்டைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் அருமை. பிரச்சினை வந்த பிறகு எல்லோரும் தேடுவது இதைத்தான்.

## அதிகாரம் யாரிடம்?

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணம், 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானதும் இந்தச் சட்டத்தின்படிதான். உள்ளே மூன்று படிகள் உள்ளன.

பீடச்சபை. பீடாதிபதி தலைமையில், அந்தப் பீடத்தின் நிரந்தர விரிவுரையாளர்கள் கூடும் சபை. பீட மாணவர்கள் தெரிவுசெய்யும் 2 பிரதிநிதிகளுக்கும் சட்டப்படி இங்கே ஆசனம் உண்டு. கலைத்திட்டம் பற்றிய உண்மையான வாய்ச்சண்டை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். மேலே போவது தீர்ந்த பத்திரம்.

மூதவை. துணைவேந்தர் தலைமையில் பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் முதலியோர் கூடும் சபை. கற்பித்தல், ஆய்வு, பரீட்சை ஆகியவற்றின் கட்டுப்பாட்டைச் சட்டம் இந்தச் சபையிடம் கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கல்விசார் சுதந்திரம் என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள முகவரி இதுதான்.

பேரவை. நிர்வாகமும் நிதியும் இதன் பொறுப்பு. உறுப்பினரில் பெரும்பான்மையோர் வெளியிலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் நியமிக்கப்படுவோர். ஒரு பாடத்தின் உள்ளடக்கத்தில் பேரவை கைவைப்பது வழமையில்லை. பணமும் ஆளணியும் கட்டடமும் தேவைப்படும் எதுவும் இதைத் தாண்டாமல் போகாது.

இந்த மூன்றுக்கும் வெளியே இருப்பது அந்த ஆணைக்குழு. ஆண்டுதோறும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எத்தனை பேர், அதில் எந்தக் கற்கைநெறிக்கு எத்தனை பேர் என்று பங்கிடும் அதிகாரம் அதற்குரியது. மூதவை ஒரு கற்கைநெறியை எவ்வளவு அழகாக வடித்தாலும், ஆணைக்குழு அதற்கு இடம் ஒதுக்கிக் கைநூலில் சேர்க்காவிட்டால் ஒரு பிள்ளையும் வாசலுக்கு வராது. அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற பொதுப் பங்கீடும், இசட் புள்ளி (பாடங்களுக்கிடையில் ஒப்பிடத்தக்கதாக்கிய உயர்தரப் புள்ளி) வெட்டும் அங்கேதான் நடக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாக மாற்றிய 1970களின் தரப்படுத்தலைக் கண்ட ஊருக்கு இந்தப் பங்கீட்டின் கனத்தை விளக்கத் தேவையில்லை.

அமைச்சருக்கு என்ன அதிகாரம்? நிதி, பல்கலைக்கழக அனுமதி இடங்கள், போதனா மொழி போன்ற தேசியக் கொள்கை விடயங்களில் ஆணைக்குழுவுக்கு எழுத்துமூலம் பொதுப் பணிப்புகளை வழங்கலாம். புதிய பீடமோ துறையோ உருவாவது வர்த்தமானி அறிவித்தல் வழியாக. ஆனால் “வேலை கிடைக்காத பட்டங்களை மூடுவோம்” என்று மேடையில் யார் சொன்னாலும், அடுத்த நாள் ஒரு பாட அலகுகூட நின்றுவிடாது. அந்தப் பேச்சு இடங்களின் எண்ணிக்கையில் தொடங்கி, ஆளணியில் தொடர்ந்து, பல வருடம் கழித்துத்தான் வகுப்பறைக்கு வந்து சேரும்.

## புதிய கற்கைநெறி கடக்கும் வாசல்கள்

1. துறை. தேவை என்ன, படித்தவர் எங்கே போவார், இதே பட்டத்தை வேறு யார் தருகிறார்கள், நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்குப் பதிலோடு முன்மொழிவு எழுதப்படுகிறது. தொழில்துறையினரிடமும் பழைய மாணவரிடமும் கருத்துக் கேட்டதற்கான சான்றும் அதில் இருக்க வேண்டும்.

2. பீடமட்டக் கலைத்திட்டக் குழுவும் பீடச்சபையும். வேறு துறைகளின் அலகுகளோடு மோதுகிறதா, ஒரே விடயம் இரண்டு இடத்தில் கற்பிக்கப்படுகிறதா என்று பார்க்கப்படும்.

3. தர உறுதிப்பாட்டுப் பிரிவு. தகைமைகள் சட்டகத்துக்குப் பொருந்துகிறதா என்பதே இங்கே கேள்வி. அந்தச் சட்டகத்தில் 5 ஆம் மட்டமான பொதுப் பட்டத்துக்கு 90 கிறெடிற், 6 ஆம் மட்டமான, ‘ஒனர்ஸ்’ எனும் கௌரவப் பட்டத்துக்கு 120 கிறெடிற்.

4. மூதவை, அதன்பின் பேரவை.

5. ஆணைக்குழு. அந்தத் துறைக்குரிய நிலையியற் குழு ஆராயும். வெளி மதிப்பீட்டாளர் கருத்து வரும். திருத்தம் கேட்டுப் பத்திரம் திரும்பி வரும். ஒரு தடவையில் போய்ச் சேர்ந்த முன்மொழிவைக் காண்பது கடினம்.

6. ஆளணி. புதிய விரிவுரையாளர் பதவிகளுக்கு நிதியமைச்சின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பல நல்ல முன்மொழிவுகளின் கால் இங்கேதான் புதைகிறது. கல்வி ரீதியாக எல்லாம் சரி, கற்பிக்கப் பதவி இல்லை. சில வேளைகளில் ‘இருக்கிற ஆளணியோடு நடத்துவோம்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள். அதன் விலையைப் பின்னர் மாணவர்தான் கொடுப்பார்கள்.

7. கைநூல். மேற்சொன்ன எல்லாம் முடிந்தபின் அடுத்த அனுமதிச் சுற்றில் பெயர் வரும். பெறுபேறு, விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று போக, முதல் அணி உள்ளே வர இன்னும் பல மாதம். ஆகவே இன்று பீடச்சபையில் பேசப்படும் கோசை நம்பி இவ்வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளை விண்ணப்பத்தைத் திட்டமிடக் கூடாது.

எல்லா முன்மொழிவும் துறையிலிருந்துதான் முளைக்கும் என்றும் இல்லை. பாடசாலை உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்தப் பிரிவினர் 2015 இல் முதன்முறை பரீட்சைக்குத் தோற்றினார்கள். சித்தியடைந்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும். நாடெங்கும் தொழில்நுட்பப் பீடங்கள் எழுந்தது அதனால். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடமும் அந்த வரிசையில் வந்ததுதான். தேவை மேலிருந்து இறங்கியது. வாசல்கள் மாறவில்லை, கடக்கும் வேகம் மாறியது.

## ஓர் அலகைத் திறந்து பார்த்தால்

மாற்றம் என்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதை விளங்க, ஒரே ஓர் அலகை எடுத்துப் பார்ப்போம். உதாரணத்துக்காக, ‘குடாநாட்டு நிலத்தடி நீர்’ என்று ஓர் அலகை விஞ்ஞானமாணிக்குள் புதிதாகச் சேர்க்க ஒரு துறை விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நியாயமான விருப்பம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். தோட்ட உரத்தின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அந்த நீருக்குள் இறங்குகின்றன. சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கலந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

அந்த அலகுக்கான தாளில் இவை இருக்க வேண்டும்: குறியீட்டிலக்கம், தலைப்பு, எந்த வருடம் எந்த செமஸ்ரர், கட்டாயமா விருப்பமா, முன்தேவை அலகு, கிறெடிற் அளவு, கற்றற்பேறுகள், உள்ளடக்கம், கற்பிக்கும் முறை, மதிப்பீட்டு விகிதம், வாசிப்புப் பட்டியல்.

கிறெடிற் கட்டத்தில் 3 என்று எழுதினால், அது 150 மணிநேர உழைப்பு. அதில் 2 கிறெடிற் விரிவுரை என்றால் வழமையான கணக்கில் 30 மணிநேர விரிவுரை. மீதி 1 கிறெடிற் செய்முறை என்றால் 30 மணிநேர ஆய்வுகூடமும் களமும். மொத்தம் 60 மணிநேரம் வகுப்பில், 90 மணிநேரம் மாணவர் தன்பாட்டில். 15 வார செமஸ்ரரில் வாரத்துக்கு 2 மணிநேர விரிவுரை, 2 மணிநேரச் செய்முறை. நேரசூசியில் இந்த 4 மணிநேரத்துக்கு இடம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு மாதிரிப் போத்தல்கள், இரசாயனங்கள், ஒரு செய்முறை ஆசிரியர், களத்துக்குப் போக வாகனம் வேண்டும்.

இதற்கு மேல் வரும் கேள்விதான் பீடச்சபையைச் சூடாக்குவது. பட்டம் 90 கிறெடிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தால் 3 உள்ளே வந்தால் இன்னொரு பக்கத்தால் 3 வெளியே போக வேண்டும். எது போகும்? வெளியே போகும் அலகைக் கற்பிப்பவர் அதே கூட்டத்தில் எதிரே இருக்கிறார். அவருடைய கற்பித்தல் மணிநேரம் குறையும். துறையின் வேலைப்பளு குறையும். நாளைக்கு அந்தத் துறைக்கு ஆளணி கேட்கும்போது அந்தக் குறைவைக் காட்டி மறுப்பார்கள். ஆகவே கலைத்திட்ட விவாதம் என்று வெளியே தெரிவதில் ஒரு பங்கு, கிறெடிற் எல்லைத் தகராறு. வேலிக் கதியாலைத் தள்ளி நடுவதுபோல, ஒரு கிறெடிற்றை நகர்த்தினால் பக்கத்துக் காணிக்காரர் எழும்பி வருவார். புதிய அலகுகள் விருப்பத்தெரிவாக மட்டுமே நுழைவதற்கும், பழைய அலகுகள் பெயர் மாறி உள்ளடக்கம் மாறாமல் நீடிப்பதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

## மாற்றத்தில் சிறியதும் பெரியதும்

எல்லா மாற்றமும் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போவதில்லை.

வாசிப்புப் பட்டியலைப் புதுப்பிப்பது, ஒரு தலைப்பை விரிப்பது போன்றவை துறைக்குள்ளும் பீடத்துக்குள்ளும் முடியும். மதிப்பீட்டு விகிதம், கிறெடிற், கட்டாயம் அல்லது விருப்பம் என்ற நிலை மாறினால் மூதவை வரை போக வேண்டும். பட்டத்தின் பெயர், காலம், தகைமை மட்டம், அனுமதித் தகுதி ஆகியவற்றில் கைவைத்தால் ஆணைக்குழு. தொடர் மதிப்பீட்டுக்கு 30, இறுதிப் பரீட்சைக்கு 70 என்று இருந்ததை 40, 60 ஆக்குவது சின்ன விடயம்போலத் தெரியும். பரீட்சை எழுத முடியாமல் மெடிக்கல் கொடுத்த மாணவரின் கணக்கே அதனால் மாறும்.

பெரிய திருத்தங்கள் அலைபோல் வருகின்றன. 2012 இல் தகைமைகள் சட்டகம் வந்து, 2015 இல் திருத்தப்பட்டபோது நாடு முழுவதும் பட்டங்கள் மறுபடி எழுதப்பட்டன. ‘சிறப்பு’ என்றிருந்த பட்டங்கள் ‘கௌரவ’ ஆயின. விரிவுரையாளர் என்ன கற்பிப்பார் என்று எழுதிய இடத்தில், மாணவர் படித்து முடித்து என்ன செய்யக் கூடியவராவார் என்று எழுத வேண்டி வந்தது. உலக வங்கி நிதியில் 2017 இல் தொடங்கிய ‘அஹெட்’ எனும் உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு அலை. இடையிடையே ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பேரவை கற்கைநெறி மீளாய்வுக்குக் குழுக்களை அனுப்பும். 8 நியமங்களில் புள்ளியிட்டு ஏ முதல் டி வரை தரம் போடும். மீளாய்வுக் குழு வருகிறது என்றால் பல வருடம் தூங்கிய கோப்புகள் திடீரென்று எழும்பும். இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோயல்ல.

### பழையதும் புதியதும் சந்திக்கும் இடம்

ஒரு திருத்தம் நல்லதா கெட்டதா என்பதைப் புதிய கலைத்திட்டத்தை மட்டும் வாசித்துச் சொல்ல முடியாது. இடையில் அகப்பட்டவருக்கு என்ன ஏற்பாடு என்பதையும் பார்க்க வேண்டும். பொது விதி எளிது: எந்தக் கலைத்திட்டத்தின் கீழ் பதிவு செய்தாரோ அதிலேயே மாணவர் முடிப்பார், புதியது புதிய அணியிலிருந்து. விதி எளிது, வாழ்க்கை அப்படியில்லை. மூன்று நிலைமைகளைப் பார்ப்போம்.

1. தவறவிட்டவர். பழைய கலைத்திட்டத்தில் 3 கிறெடிற் அலகு ஒன்றில் ஒருவர் சித்தியடையவில்லை. அடுத்த வருடம் றிப்பீற் எழுத வரும்போது அந்த அலகு இல்லை; அதன் இடத்தில் 2 கிறெடிற்றில் ஒரு புதிய அலகு. அதை எடுத்துச் சித்தியடைந்தால் அவருடைய மொத்தம் 89. பட்டத்துக்கு வேண்டியது 90. எந்தப் பழைய அலகுக்கு எந்தப் புதிய அலகு சமம், குறையும் கிறெடிற்றை எப்படி நிரப்புவது என்று ஒரு சமவலு அட்டவணை மூதவையில் ஏற்கப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம், தனிக் கூட்டம்.

2. தரம் யாருடைய கணக்கில்? பல பீடங்களில் மீளத் தோற்றுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் பதியப்படுவதில்லை. இப்போது மேற்சொன்ன மாணவர் எழுதுவது தான் ஒருபோதும் படிக்காத புதிய அலகு. அது மீளத் தோற்றுதலா, முதற்தடவையா? முதலாவது என்றால் புதிய பாடத்தைப் படித்தும் சி தான். இரண்டாவது என்றால் அவரோடு தவறி, மாற்றத்துக்கு முன் எழுதி முடித்தவருக்கு அநீதி. வகுப்புச் சித்தி கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஒரு வரியில் தங்கும். ஒழுங்குவிதி எழுதுபவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

3. அணி மாறியவர். மகப்பேறு, நோய், குடும்ப நெருக்கடி என்று ஒரு வருடம் விடுப்பெடுத்தவர் திரும்பி வரும்போது அடுத்த அணியோடு அமர்கிறார். அவர்கள் புதிய கலைத்திட்டம். அவருடைய முதல் வருடம் பழையது. மூன்றாம் வருட அலகொன்றின் முன்தேவை அவர் படிக்காத ஒரு முதல் வருட அலகு. முன்தேவையைத் தளர்த்துவதா, ஜூனியர்களோடு இருந்து அதையும் படிக்கச் சொல்வதா?

ஒரு பீடத்தின் கலைத்திட்டத் திருத்தம் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று அறிய, கற்றற்பேறுகளின் வாக்கிய அழகைப் பார்ப்பதைவிட, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

## நிறுத்தம்: சொல்லியும் சொல்லாமலும்

முறைப்படி ஒரு கற்கைநெறியை நிறுத்துவதென்றால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்: துறை, பீடச்சபை, மூதவை, பேரவை, ஆணைக்குழு. புதிய அனுமதி முதலில் நிற்கும். உள்ளே இருப்பவர்களை இறுதி அணி வரை கற்பித்து முடிக்க வேண்டும். மீளத் தோற்றுபவர்களுக்கான பரீட்சைகள் அதற்குப் பின்னும் சில வருடம் நடக்கும். பெறுபேற்றுப் பத்திரம் கேட்டு 20 வருடம் கழித்து ஒருவர் வந்தாலும் பதிவேடு இருக்க வேண்டும். நின்றுபோன பட்டம் செல்லாத பட்டமாகாது. இதில் பெற்றோர் பயப்படத் தேவையில்லை.

இப்படி முறைப்படி நிறுத்துவது அபூர்வம். ஒரு தீர்மானத்தில் கையெழுத்திட்டுத் ‘தன் பாடத்தை மூடியவர்’ என்று பெயரெடுக்க எந்தத் துறைத் தலைவர்தான் விரும்புவார்? ஆகவே நடைமுறையில் நடப்பது சத்தமில்லாத வழி:

- விருப்பத்தெரிவு அலகொன்று ‘இம்முறை நடத்தப்படாது’ என்று அறிவித்தல் பலகையில் வரும். கற்பித்தவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போயிருப்பார், அல்லது பதிவு செய்தவர்கள் போதாது. அடுத்த முறையும் அதே அறிவித்தல். அலகு கையேட்டில் இருக்கும், வகுப்பில் இருக்காது.
- ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர்கள் வெளியேறியதும், அரச ஆட்சேர்ப்பு இறுகியதும் இதை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கூட்டின. வருகைதரு விரிவுரையாளரைக் கொண்டு சில காலம் ஓட்டலாம். கௌரவப் பட்டத்துக்கு ஆய்வு மேற்பார்வை செய்ய நிரந்தர ஆள் வேண்டும்.
- கௌரவப் பட்டத்துக்குள் நுழையும் எண்ணிக்கை குறையும். குறைந்த எண்ணிக்கை அடுத்த ஆளணிக் கோரிக்கையைப் பலவீனமாக்கும். ஆளணி இல்லாத துறையை மாணவர் தெரிவு செய்யார்.

இந்தச் சுற்றில் விழுந்த ஒரு பாடத்தை எந்தச் சபையும் கொன்றதாகப் பதிவு இருக்காது. சிறிய துறைகளுக்கு, குறிப்பாகத் தமிழ் மொழிமூலம் வேறெங்கும் இலகுவில் கிடைக்காத துறைகளுக்கு, உண்மையான ஆபத்து இந்த மௌனம். பகிரங்கத் தீர்மானம் என்றால் எதிர்த்துப் பேசவாவது ஓர் இடம் இருக்கும்.

மறுபக்கம், கைநூலில் ஒரு பெயர் காணாமற் போனால் அது நிறுத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2021 ஓகஸ்ட் 1 வரை வவுனியா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். அன்று முதல் அது வவுனியாப் பல்கலைக்கழகம். அங்கிருந்த கற்கைநெறிகள் யாழ்ப்பாணப் பட்டியலிலிருந்து போய் வேறொரு தலைப்பின் கீழ் நின்றன. பெயர் மாற்றம், இரண்டு பட்டங்களை ஒன்றாக்கல், ஒன்றை இரண்டாக்கல் எல்லாம் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நிறுத்தம்போலவே தெரியும்.

## பட்டம் வேறு, தொழில் அனுமதி வேறு

மருத்துவ பீடத்துக்கு இலங்கை மருத்துவப் பேரவை. பொறியியலுக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். சித்த மருத்துவருக்கு ஆயுர்வேத மருத்துவச் சபை. சட்டமாணி முடித்தவரும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளையும் பயிலுநர் காலத்தையும் தாண்டித்தான் சட்டத்தரணியாவார். இந்த அமைப்புகள் பல்கலைக்கழகத்தின் அலகுகளைத் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் அவர்களின் தேவைக்கு ஏற்காத கலைத்திட்டத்தை எந்தப் பீடமும் துணிந்து எழுதாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அதன் அங்கீகாரம் கிடைத்த பட்டத்துக்கு வெளிநாட்டிலும் எடை உண்டு.

பட்டம் வழங்கும் அதிகாரமும் தொழில் பதிவும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாலபேயில் இருந்த ‘சைற்றம்’ தனியார் மருத்துவக் கல்லூரி உதாரணம். 2011 இல் பட்டம் வழங்க அனுமதி, மருத்துவப் பேரவையின் மறுப்பு, 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு, அரச மருத்துவ பீட மாணவர்களின் மாதக்கணக்கான வகுப்புப் புறக்கணிப்பு, 2018 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. நிறுவனம் மூடப்பட்டு, மாணவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

## வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு

அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தம் கற்கைநெறிகளைத் தாமே அங்கீகரிக்கும். 2011 முதல் இயங்கும் தேசிய ஒழுங்குபடுத்தும் முகவரகம் மேலிருந்து கண்காணிக்கிறது. ஆகவே அங்கே ஓர் அலகோ கற்கைநெறியோ வேகமாக வரும், வேகமாகப் போகும். மாணவர் வீசாவில் இருப்பவரின் கற்கைநெறியை நிறுவனம் நடத்த முடியாமற் போனால், 14 நாளுக்குள் மாற்று இடமோ பணத்தில் உரிய பங்கோ தர வேண்டும். தவறினால் கல்விக்கட்டணப் பாதுகாப்புச் சேவை தலையிடும். இங்கிலாந்தில் பதிவுபெற்ற நிறுவனங்கள் மாணவர் பாதுகாப்புத் திட்டமொன்றை எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். காணி ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் அந்த ஆவணத்தை ஒருதரம் வாசிப்பது அவசியம். முகவர் அதைக் காட்டமாட்டார்.

## இங்கே யாரைக் கேட்பது?

‘நிப்பாட்டப் போகினமாம்’ என்று கேள்விப்பட்ட மாணவர் முதலில் பிரிக்க வேண்டியது: அலகா, கற்கைநெறியா? அடுத்தது: எந்த அணியிலிருந்து? அதன்பின் போகும் ஒழுங்கு இது.

1. அலகு பற்றியதானால் துறைத் தலைவர். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.
2. பீடச்சபையிலுள்ள 2 மாணவர் பிரதிநிதிகள். அந்த ஆசனம் வெறும் பெயருக்கு என்று விடுபவர்களால்தான் அது வெறும் பெயராகிறது.
3. பீடாதிபதி வழியாக மூதவைக்கு முறையீடு.
4. தீர்மானத்தின் பிரதி வேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடங்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.
5. நீதிமன்றம் கடைசி. கல்விசார் தீர்ப்புகளில் தலையிட நீதிபதிகள் தயங்குவர். ஒழுங்குவிதி மீறப்பட்டது, நியாயமான எதிர்பார்ப்பு பறிக்கப்பட்டது என்று காட்டினால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதம் என்பது பெரும்பாலும் ஒரு பீடச்சபைக் கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையிலுள்ள காலம். “அடுத்த கூட்டத்தில பாப்பம்” என்ற வாய்மொழிப் பதிலை நம்பிக் காத்திருப்பவருக்கு அந்தக் கெடு அதற்குள் முடிந்துபோகலாம்.